மணிக்கட்டில் நின்ற தோல்

பொள்ளாச்சிக்குத் தெற்கே இருக்கிற நார்மில் காலனியில் மனிதர்கள் தோல் உரிக்கத் தொடங்கியது தை மாதம் கடைசிச் செவ்வாய்க்கிழமை. முதலில் உரித்தவர் மில் மேஸ்திரி ஆறுச்சாமி. காலையில் குளித்துவிட்டுத் துண்டால் முதுகைத் துடைத்தவர், துண்டோடு முதுகும் சேர்ந்து வருவதைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டு, அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நெற்றியில் தொடங்கிக் குதிகால் வரைக்கும் ஒரே உறையாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவர் மனைவி அதைக் கொடியில் போட்டுவிட்டு அடுப்பை அணைக்க உள்ளே போனாள்.

நார்மில் காலனி எதற்கும் நெடுநேரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற இடமல்ல. முப்பத்தெட்டு வீடு, இரண்டு குழாய், ஒரு ரேஷன் கடை, ஒரு மாகாளியம்மன் கோயில், நாள் முழுக்கத் தேங்காய் மட்டையை அடித்து நாரெடுக்கிற சத்தம், எல்லாவற்றின் மேலும் படிகிற பழுப்புத் தூள், அவ்வளவுதான் காலனி. செவ்வாய் சாயங்காலத்துக்குள் பால்காரர் உரித்தார், புதன்கிழமை ரேஷன் கடையில் எடை போடுகிறவர் உரித்தார், வெள்ளிக்கிழமைக்குள் கிழக்கு வரிசையில் பாதிப்பேர் உரிவதற்கு முன்னால் பாம்புக்கு வருவதுபோலக் கண்ணில் பால் கட்டி, மேல்தோல் மங்கி, யாரோடும் பேசப் பிடிக்காமல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் இப்படி ஆகிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, கழற்றியதை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது.

குப்பையில் போடலாமா என்றால், மூக்கும் முழியுமாக மனுசன் முகம் அதில் இருக்கிறது. எரிக்கலாமா என்றால், ஆள் உயிரோடு எதிரே நின்று பல் விளக்குகிறான். கடைசியில் கோயில் பூசாரி, மஞ்சத் துணியில் முடிந்து சமையல்கட்டுப் பரணில் வைத்திருந்து ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடலாம் என்று சொல்ல, அப்படியே முடிவாயிற்று. புதுத்தோல் காந்தும் என்பதால் தாய்மாமன் தேங்காயெண்ணெயும் மெல்லிய துண்டும் கொண்டுவர வேண்டும் என்று யாரோ ஆரம்பித்தார்கள், இரண்டே வாரத்தில் அது சீர் ஆகி, சீர் என்றால் ஒறம்பரை, ஊர் ஊராக ஒறம்பரை வந்தால் விருந்து என்று வாழை இலை வியாபாரம் சூடு பிடித்தது. கண் பால் கட்டிய வாரத்தில் ரேஷன் கடை மிஷினில் யாருடைய கைரேகையும் விழாது, அதற்காகக் கடைக்காரர் ஒரு நோட்டுப் போட்டு, பெயருக்கு நேரே ‘உரிப்பு’ என்று எழுதி அரிசி அளந்தார். பெண் பார்க்க வந்த உடுமலைக்காரர்கள் ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்னால், புள்ள உரிச்சாச்சுங்களா என்று விசாரித்தார்கள். பழைய காதலியின் பெயரை மார்பில் பச்சை குத்தியிருந்த பம்ப்செட் மெக்கானிக் உரித்த அன்று அவர் மனைவி தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

ஆனால் எல்லோருக்கும் ஆறுச்சாமிக்கு வந்ததுபோல ஒரே உறையாக வரவில்லை. தையும் மாசியும் அந்தப் பக்கத்தில் கிழக்குக் காற்றுக் காலம். உதட்டையும் குதிகாலையும் வெடிக்க வைக்கிற வறண்ட காற்று. நிறையப் பேருக்குத் தோல் துண்டு துண்டாகப் பிய்ந்து, முழங்கையில் ஒரு ஒட்டு, காதுமடலில் ஒரு ஒட்டு என்று நின்றுபோனது. அப்போதுதான் காலனிக்குத் துளசிமணியின் ஞாபகம் வந்தது.

துளசிமணிக்கு நாற்பத்து நான்கு வயது. கணவர் மயில்சாமி மில்லுக்கு லாரி ஓட்டுகிறவர். இவர்களின் ஒரே மகள் தாரணி கோவையில் படித்துக்கொண்டிருந்தபோது, காகிதமெல்லாம் முறையாக வாங்கி, ஒரு மலைப்பாம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆப்பிரிக்கப் பக்கத்துச் சாதி, ஒரு ஆள் கையின் தடிமன்கூட இல்லை, பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும், அதனால் அதற்கு உருண்டை என்று பெயர். உருண்டைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் ஈரம் காட்டுகிற மீட்டர் ஒன்று, வெளியே தாரணி கைப்பட எழுதிய கோடு போட்ட நோட்டு ஒன்று. போன ஐப்பசியில் தாரணிக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கடைசி நாள் மத்தியானம் ஒரு மணி நேரம் அம்மாவின் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்துவிட்டுப் போய்விட்டாள்.

நாலு விரல் தடமும் அன்று சாயங்காலம் வரைக்கும் சிவப்பாக இருந்தது. மறுநாள் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு துளசிமணிக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை, பசி வரவில்லை, வந்தவர்கள் தோளைத் தொட்டுச் சொன்ன ஆறுதல் யார் தோளையோ தொட்டதுபோல இருந்தது, ஒருநாள் சுடுகஞ்சி காலில் கொட்டியபோதும் குனிந்து துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். உருண்டைக்கு வேண்டியதைச் செய்தாள், நோட்டில் எழுதியிருந்ததால் செய்தாள். தாரணியோடு படித்த பெண் ஒருத்தி மாதம் இரண்டுமுறை எலி கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்று பேசிப் போனாள்.

அந்த நோட்டைத்தான் காலனி தேடி வந்தது. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு மேகலா, மில்லில் நார்த்தூள் காயவைக்கிற வேலை, முப்பது வயது, எதையும் மூடி வைக்கத் தெரியாத வாய்.

“ஏனுங்க்கா, உருண்டை உரிச்சா முழுசா வருதே, அதுக்கு என்னதான் பண்றீங்க? எனக்கு முதுகுல பாதி நின்னுருச்சுங்க.”

“ஈரம் பத்தல கண்ணு,” என்றாள் துளசிமணி. “படுக்கை மாத்தோணும்.”

நோட்டைப் பார்த்துச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, எல்லாம் மனப்பாடம். செய்தித்தாள் விரிப்பது சுத்தம், ஆனால் ஈரத்தைப் பிடிக்காது. நார்த்தூள்தான் நல்லது, நாலு விரல்கடை கனத்துக்குப் போட வேண்டும். ஒரு பிடி அள்ளிக் கையில் அழுத்தினால் கொழுக்கட்டைபோல நிற்க வேண்டும், விரல் சந்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வரக்கூடாது. தண்ணீரை மேலே தெளிக்காமல் மூலையில் ஊற்ற வேண்டும், அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருந்தால்தான் வயிற்றுத் தோல் புண்ணாகாது. மீட்டர் அறுபதில் நிற்கட்டும், கண்ணில் பால் கட்டிவிட்டால் எழுபதுக்கு ஏற்று. பூஞ்சை பிடித்த இடத்தை அப்போதே அள்ளி வெளியே போடு. உரியும் தோல் உள்பக்கம் வெளியாகத் திரும்பித்தான் வரும், பயப்படாதே. எங்காவது வளையமாக நின்றால் மட்டும் விட்டுவிடாதே, காயக் காய இறுகி ரத்தத்தை நிறுத்தும், வால் நுனியே கருகி விழுந்துவிடும்.

ஒரு வாரத்தில் காலனியின் பஞ்சு மெத்தைகள் எல்லாம் வெயிலுக்குப் போய், வீட்டுக்கு வீடு நார்த்தூள் படுக்கை வந்துவிட்டது. அதற்குப் பஞ்சமா, மில்லுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்கிறது. குழாயடியில் பெண்கள் ஆளுக்கொரு பிடி அழுத்திப் பார்த்து, உன்ற தூளு சொட்டுது, என்ற தூளு நிக்குது என்று பேசினார்கள். ஜன்னலில் ஈரச்சாக்கு தொங்கியது. மாப்பிள்ளை வீட்டில் ஈரம் எத்தனை நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் பெண் கொடுத்தார்கள். உரிகிறவர்கள் வீட்டைக் கடக்கும்போது சைக்கிள் மணி அடிக்கக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டாகி, அடித்தவன் மன்னிப்புக் கேட்கிற வழக்கமும் உண்டானது. துளசிமணி கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள், காசித்தும்பை விதைக்குத் தண்ணீர் விடுவது எப்படி என்று சொல்லுகிற குரலில் சொன்னாள்.

நடுவில் ஆறுச்சாமிக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வராமல் இருந்தால் அவர் மேஸ்திரியாகியிருக்க மாட்டார். மில்லுக்குப் புது மிஷின் வந்திறங்கிய பைன் மரப் பெட்டிகள் குடோனில் கிடந்தன. அவற்றை இழைத்துச் சீவலாக்கி நார்த்தூளில் கலந்தால் படுக்கை மெத்தென்றும் இருக்கும், கமகமவென்றும் இருக்கும் என்று, அவர் மூட்டை மூட்டையாக வீடுகளுக்கு அனுப்பினார். மூட்டைகள் தெருவில் போவதைத் துளசிமணி வாசலில் நின்று பார்த்தாள். நோட்டில் மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது, பைன் சீவல் ஆகாது, அதன் எண்ணெய் வாசம் மூச்சைக் கெடுக்கும். அவளுக்குத் தெரியும். சொல்ல வேண்டும் என்றும் தெரியும். ஆனால் தெரிந்ததற்கும் வாய்க்கும் நடுவே ஏதோ ஒன்று அறுந்து கிடந்தது, மூட்டைகள் போய் முடியும் வரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பருப்பை இறக்கினாள்.

மூன்றாம் நாள் புதுத்தோல்காரர்கள் எல்லோருக்கும் மூச்சில் விசில் அடித்தது. மேகலாதான் மோசம், கண் வீங்கி, குரல் அடைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு துளசிமணி வீட்டுக்கு வந்தாள். துளசிமணி அவளை நாற்காலியில் உட்கார வைத்து நோட்டைத் திறந்து காட்டினாள்.

மேகலா சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். “இது உங்களுக்கு முன்னயே தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“மூட்டை போறப்பவே?”

“வாசல்லதான் நின்னேன்.”

மேகலா இருமி முடித்தாள். “உங்க மேல கோவப்படக்கூட முடியலீங்க்கா. செவுத்து மேல கோவப்பட்ட மாதிரி இருக்குது,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். சாயங்காலத்துக்குள் சீவல் எல்லாம் தெருக்கோடியில் குவிந்தது. ஆறுச்சாமி இரண்டு நாள் தலையைக் காட்டவில்லை.

மாசி பாதியில் மயில்சாமி உரித்தார். துளசிமணிதான் பிடித்துக்கொண்டாள். ஈரம் சரியாக இருந்ததால் காலுறை கழற்றுவதுபோலத் திரும்பித் திரும்பி அழகாக வந்தது. வலது தோளைத் தாண்டும்போது அவள் கை நின்றது. தாரணிக்குப் பல் முளைத்த வயதில், தூக்கிக் கொஞ்சிய அப்பனைக் கடித்து வைத்த தழும்பு அங்கே இருக்கும், அரிசி அரிசியாக இரண்டு குழி. இப்போது தோள் அவித்த முட்டைபோல வழவழவென்றிருந்தது.

“போயிருச்சுங்க,” என்றாள்.

“எது?”

“பல்லு.”

மயில்சாமி விரலால் தடவித் தேடினார். அவரும் ஐப்பசியிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவர், லாரியில் தனியாக அழுகிறவர். உரித்த நாலாம் நாள் அவர் இரண்டாம்முறை சோறு கேட்டார். ஏழாம் நாள் லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சீட்டி அடித்தார், அடித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, புதுத்தோலுக்குப் பசிக்கத்தான் செய்யும். துளசிமணி சமையல்கட்டில் நின்று தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். தடம் இல்லை என்றாலும் தாரணி பிடித்த தோல் இதுதான். அதை மஞ்சத் துணியில் முடிந்து ஆடியில் ஆற்றில் விடுவதற்கு அவள் தயாராக இல்லை.

ஊருக்கெல்லாம் உரிய வைக்கத் தெரிந்தவளுக்கு உரியாமல் வைக்கவும் தெரியும். மணிக்கட்டில் தண்ணீர் படாமல் கையை வெளியே நீட்டிக் குளித்தாள். பவுடர் போட்டாள். அடுப்பு அனலில் காட்டினாள். காய்ந்த துணியால் இறுக்கிச் சுற்றினாள். பங்குனி முதல் வாரம் அவளுக்குக் கண்ணில் பால் கட்டியது, உடம்பெல்லாம் உரிந்தது, முகமும் கழுத்தும் வயிறும் காலும் சுலபமாகக் கழன்றன. இடது கையில் மட்டும் மணிக்கட்டுக்கு மேலே வந்தது மேலேயும், விரல்களில் வந்தது விரல்களோடும் அறுந்து, நடுவில் வளையல் அகலத்துக்குப் பழைய தோல் நின்றுகொண்டது. அவள் நினைத்ததும் அதுதான். உரித்த பிறகும் அவளுக்குப் பசிக்கவில்லை.

வளையம் காயக் காய இறுகியது. பங்குனி மூன்றாம் வாரம் இடது கை விரல்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்தன. ஊசி குத்தினாலும் தெரியவில்லை. அவளுக்கு உடம்பு பூராவும் தெரியாமல் இருந்ததால் இதில் தனியாக ஒரு வித்தியாசம் தோன்றவில்லை. மயில்சாமி பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போலாம் அம்மிணி என்றார். ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கு அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மாற்றுத்துணி ஒன்றை எடுத்துக் கையைச் சுற்றிக்கொண்டாள்.

அந்த வாரமே உருண்டையும் உரித்தது. கிழக்குக் காற்றின் கடைசி வீச்சு, பெட்டிமேல் போட்ட ஈரத்துணி காய்ந்ததை அவள் ஒரு பகல் கவனிக்காமல் விட்டிருந்தாள், அதற்கு வால் நுனியில் ஒரு வளையம் நின்றுவிட்டது. துளசிமணி நோட்டில் உள்ளபடி ஒரு டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, ஈரப்பாசி நிரப்பிப் பெட்டிக்குள் வைத்தாள். தினமும் மத்தியானம் ஒற்றைக் கையால் பாசியைப் பிழிந்து மாற்றினாள். மூன்றாம் நாள் அப்படிப் பிழியும்போது மேகலா உள்ளே வந்தாள். மூச்சுத் தெளிந்த பிறகும் ஒரு மாதமாகப் பேசாமல் இருந்தவள், மயில்சாமி போய்க் கையைப் பற்றியும் மகள் பிடித்த இடத்தைப் பற்றியும் சொன்னதால் வந்தாள்.

“கையக் காட்டுங்க்கா.”

துளசிமணி காட்டவில்லை. மேகலா தானே துணியைப் பிரித்தாள், பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

“பாம்பு வாலுக்குப் பாசி புழியறீங்க. கருகி விழுந்துருமின்னுதானுங்களே?”

“நோட்டுல எழுதியிருக்குது.”

“யாரு எழுதுனது?”

துளசிமணி பிழிந்த பாசியை டப்பாவுக்குள் திணித்தாள்.

“உருண்டைக்கு மட்டுமா எழுதி வெச்சா? அவ பிடிச்ச தோலு வேணும், அவ எழுதுன பேச்சு வேண்டாமா? இந்தக் கை போச்சுன்னா, அவ பிடிச்ச எடமும் சேந்துதானுங்க போகும்.”

மில்லில் மட்டை அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. துளசிமணி நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வளையமாக நின்றால் என்று தொடங்குகிற வரிக்குக் கீழே, நூறுமுறை படித்த அதே குண்டு குண்டான எழுத்து: இழுக்காதே அம்மா, ஈரம் கொடு, தானா விடும். மகள் தன்னை அம்மா என்று கூப்பிட்டு எழுதியிருந்ததை அவள் இத்தனை நாள் பாம்புக்கான வரியாகவே படித்திருந்தாள்.

அவள் தரையில் உட்கார்ந்து, இடது கையை முழங்கை வரைக்கும் பெட்டிக்குள் விட்டு ஈர நார்த்தூளுக்குள் புதைத்தாள். மேகலா மூலையில் தண்ணீர் ஊற்றினாள், மேலே துணியைப் போட்டாள், மீட்டர் அறுபத்தைந்து, அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு என்று ஏறியது. உருண்டை பாசி டப்பாவிலிருந்து தலையை நீட்டி, யோசித்து, மெதுவாக வந்து அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு பந்தாகியது. வெயில் ஜன்னலிலிருந்து அரிசித் தகரத்துக்குப் போனது, தகரத்திலிருந்து சுவருக்குப் போனது. மேகலா மதிய ஷிப்டுக்குப் போகவில்லை.

நாலு மணி வாக்கில் உருண்டை அசைந்து, தன் சுற்றைப் பிரித்துக்கொண்டு மறுபடி டப்பாவுக்குப் போனது. அதன் வால் நுனி சுத்தமாக இருந்தது. துளசிமணி கையை வெளியே எடுத்தபோது வளையம் தானாக நழுவி, உள்பக்கம் வெளியாகத் திரும்பி, விரல் நுனி வரைக்கும் வந்து மேகலாவின் உள்ளங்கையில் விழுந்தது. தாரணி தொட்ட பக்கம் இப்போது உள்ளே இருந்தது.

முதலில் விரல்களில் எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்பு கடித்தது. பிறகு நின்றுபோயிருந்த ரத்தம் மொத்தமும் ஒரே நேரத்தில் கைக்குள் திரும்பி வந்தது, கை வழியாகத் தோளுக்கு ஏறியது, நெஞ்சுக்கு இறங்கியது, காலில் ஐப்பசியில் கொட்டிய சுடுகஞ்சி வரைக்கும் போனது.

“வலிக்குது கண்ணு,” என்றாள் துளசிமணி.

“எங்கீங்க்கா?”

“எல்லாப் பக்கமும்.”

அதற்குப் பிறகு அவள் அழுத சத்தம் மட்டை அடிக்கிற சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள். ஆறுச்சாமி சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். ஐந்து மாதமாகக் காலனி அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தது, ஆகவே யாரும் அதைச் சமாதானப்படுத்த ஓடவில்லை. மேகலா வளையத்தைப் பெட்டிக்குள் பாசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள்.

மயில்சாமி லாரியை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடி வந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவள் இடது கையை நீட்டினாள். வளையம் இருந்த இடம் வெண்ணெய்போல வெளுத்து, ஒரு கோடு இல்லாமல், ஒரு அடையாளம் இல்லாமல் இருந்தது.

“ஒண்ணுமே இல்லீங்க,” என்றாள்.

அவர் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், அவருக்கும் அப்போதுதான் அழுகை வந்தது, வந்த வேகத்தில் இறுக்கிப் பிடித்தார். வலித்தது. அவள் விடச் சொல்லவில்லை. மில் சங்கு ஊதி, ஷிப்டு முடிந்து, ஆட்கள் தெருவில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் கையை எடுத்தார். புதுத்தோலில் நாலு விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.